16 வயதுப் பெறாமகள் என் வீட்டில் நிற்கிறாள்: பெற்றோரிடமிருந்து விலக நீதிமன்றம் போக வேண்டுமா?

வேப்பம்பூ எழுதியது:

வணக்கம். ஒன்ராறியோச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் எழுதுங்கள். கொஞ்சம் அவசரம்.

என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், போன வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக்கூடப் பையோடு ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "சித்தி, நான் இனி அங்கே போகமாட்டேன்" என்றாள். 16 வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. 11ஆம் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்கிறாள்.

நடந்தது இதுதான். இரசாயனவியலை விட்டுவிட்டு வரைகலைப் பாடத்தை எடுத்திருக்கிறாள், வீட்டில் கேட்காமல். அது தெரியவந்த அன்று அத்தான் அவளுடைய கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த நாள் அவளுடைய அறைக் கதவைப் பிணைச்சலோடு கழற்றிக் கராஜில் சாய்த்து வைத்துவிட்டார். நான் ஒருநாள் அங்கே போனபோது பார்த்தேன். நிலையில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அக்காவின் பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். உடுப்பு மாற்றக் குளியலறைக்குத்தான் போவாளாம். வேலை செய்கிற காசு, அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அத்தானும் சேர்ந்து திறந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. அதில் அவள் கை வைக்க முடியாது. கடைசியாக, ஆனி மாதம் பள்ளிக்கூடம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வருடம் அப்பம்மாவோடு விடப்போவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். கடவுச்சீட்டு அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறது.

அத்தான் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இப்போது பிள்ளை நூலகத்தில் கலிபோர்னியா நீதிமன்றப் படிவம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "நீங்கள் சாட்சிக் கையெழுத்து வைத்தால் போதும் சித்தி, நீதிபதி என்னை விடுவித்துவிடுவார்" என்கிறாள். அத்தான் தொலைபேசியில், "என் பிள்ளையைக் கடத்தி வைத்திருக்கிறாய், பொலிஸைக் கூப்பிடுவேன்" என்று கத்தினார். அக்கா என்னோடு கதைப்பதே இல்லை. என் கணவருக்குப் பயம். பள்ளிக்கூட அலுவலகத்திலோ, வீட்டு முகவரி மாறிவிட்டதென்றால் பெற்றோரின் கடிதம் வேண்டும் என்கிறார்கள்.

இந்த நாட்டில் இப்படி ஒரு பிள்ளை சட்டப்படி விலக முடியுமா? விலகினால் அவளுக்கு என்ன ஆகும்? எனக்கு ஏதாவது வழக்கு வருமா?

நெடுந்தூரம் எழுதியது:

சகோதரி, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக எழுதுகிறேன். பொலிஸ், நீதிமன்றம் என்று போகாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் அக்கா வீட்டில் விட்டுவிடுங்கள். கதவைக் கழற்றியது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வேலை செய்து, நித்திரை இல்லாமல், இந்தப் பிள்ளை நல்லாக வர வேண்டும் என்று உழைக்கிற ஒரு மனிதனுக்கு, மகள் கேட்காமல் பாடத்தை மாற்றிவிட்டாள் என்றால் நெஞ்சு எரியத்தான் செய்யும். நாளைக்கு அவள் உங்கள் வீட்டிலிருந்தும் கோபித்துக்கொண்டு வெளியே போனால் யார் பொறுப்பு?

யன்னல்கரை எழுதியது:

தங்கச்சி, ரொறன்ரோவில் ஒரு சமூகச் சட்ட நிலையத்தில் நீண்ட காலம் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் பிறகு வழக்குப் பணியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். சட்டத்தரணி அல்ல. இதே கதையோடு எத்தனையோ சித்திமாரும் மாமிமாரும் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் கலிபோர்னியாப் படிவத்தை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அங்கே 14 வயது நிறைந்த பிள்ளை, பெற்றோர் ஒப்புக்கொண்டோ தடுக்காமலோ தனியே வாழ்ந்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால், நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து விடுவிப்பு ஆணை பெறலாம். ஒன்ராறியோவில் அப்படி ஒரு மனுவே கிடையாது. இங்கே பராயம் அடையும் வயது 18. ஆனால் 16 நிறைந்த பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. நீதிபதியும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்து தன் காரியத்தைத் தானே பார்க்கத் தொடங்கினால் அதுவே விலகல். ஆகவே உங்கள் பெறாமகள் எந்த நீதிமன்றப் படியும் ஏற வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளுவார்கள், பெற்றோர் இடிந்துபோவார்கள். இரண்டு பேருக்கும் நான் அடுத்ததாகச் சொல்வது ஒன்றுதான்: இந்தக் கதவு வெளியே திறப்பது சுலபம், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. குடும்பச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பராயமடையாத பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மீது சுமத்துகிறது. அதே பிரிவு, 16 வயது நிறைந்த பிள்ளை தானாக விலகிவிட்டால் அந்தக் கடமை இல்லை என்றும் சொல்கிறது. அதாவது "நான் என் விருப்பத்தில் விலகிவிட்டேன்" என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால், நாளைக்கு அத்தானிடம் படிப்புச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று ஒரு சதம் கேட்கிற வழியைத் தானே அடைக்கிறாள்.

ஆனால் வீட்டில் இருக்க முடியாத நிலையை உண்டாக்கிப் பிள்ளையை வெளியே தள்ளியிருந்தால் கதை வேறு. வெளியே போ என்று சொன்னாலும் சரி, இருக்கவே முடியாதபடி செய்தாலும் சரி, அதைத் தன் விருப்பத்தில் விலகியதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. கதவில்லாத அறை, பறிபோன சம்பளம், விருப்பமில்லாமல் நாடுகடந்து அனுப்பும் ஏற்பாடு, இவை எல்லாம் சேர்ந்தால் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் சட்டத்தரணி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்திலோ வேறெங்கேயோ "பிள்ளை தானாக விலகினாள்" என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "இப்போது சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன்" என்பது உண்மை, இன்றைக்கு அது போதும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நல்ல மனத்தோடு உதவ வந்த ஓர் ஆசிரியர் எழுதிய இரண்டு வரிக் கடிதத்தால் பராமரிப்புப் பணத்தை இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு வழக்கு வருமா என்று கேட்டீர்கள். குற்றவியல் சட்டத்தில் பெற்றோரின் காவலிலிருந்து பிள்ளையைக் கடத்துகிற குற்றம் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. 16 நிறைந்தவள் தானாக நடந்து வந்து உங்கள் மணியை அடித்தால், அவளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்ததற்காக உங்களைக் கைது செய்ய மாட்டார்கள். அத்தான் பொலிஸைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். வருவார்கள், பிள்ளையைத் தனியே வைத்துக் கதைப்பார்கள், பாதுகாப்பாக இருக்கிறாளா என்று பார்ப்பார்கள். பிணை நிபந்தனை போன்ற வேறு உத்தரவு ஏதும் இல்லாவிட்டால் அவளை இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் விட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பொலிஸ் வந்தால் பயத்தில் கதவைத் திறக்காமல் இருக்காதீர்கள். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணப் பயணம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை தருகிறது. கனடாவில் 16 வயது நிறைந்தவர் பெரியவர்களுக்கான கடவுச்சீட்டுப் படிவத்தில் தானே விண்ணப்பிக்கலாம், பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை. பழைய கடவுச்சீட்டு அலுமாரியில் பூட்டிக் கிடந்தால், அது தன் கைக்கு எட்டாத நிலையில் இருக்கிறது என்று உறுதிமொழி கொடுக்க அவர்களிடமே தனிப் படிவம் உண்டு. ஆனால் அவள் ஒருமுறை விமானம் ஏறிப் போய்விட்டால் இந்த 16 வயது உரிமை கூடவே போகாது. இலங்கையில் 18 ஆகும்வரை அவள் பெற்றோரின் பொறுப்பில் உள்ள பிள்ளை. இரட்டைக் குடியுரிமையும் இருந்தால் கனடியத் தூதரகம் செய்யக்கூடியது இன்னும் குறையும். விருப்பமில்லாமல் பியர்சன் விமான நிலையம்வரை கூட்டிப் போனாலும், அங்கே நிற்கிற அதிகாரி எவரிடமும் "எனக்குப் போக விருப்பமில்லை" என்று அவள் வாய்திறந்து சொல்லலாம். இதை அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

சம்பளத்தை நிமிர்த்துவது சுலபம். இந்த மாகாணத்தின் வேலைத் தரச் சட்டத்தின்படி, சம்பளத்தை வங்கியில் போடுவதென்றால் அந்தக் கணக்கு வேலை செய்பவரின் பெயரில் இருக்க வேண்டும். அவர் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பிள்ளை தன் அடையாள அட்டைகளோடு வேறு ஒரு வங்கிக்குப் போய், தன் பெயரில் மட்டும் கணக்குத் திறக்கக் கேட்டுப் பார்க்கட்டும். பிறகு அந்த இலக்கத்தைக் கடை முகாமையாளரிடம் கொடுத்தால் அடுத்த சம்பளம் அங்கே விழும். சமூகக் காப்புறுதி இலக்கம் எழுதிய தாள் வீட்டில் இருந்தால், 12 வயதிலிருந்தே பிள்ளைகள் தாமே அந்த இலக்கத்தைக் கேட்டுப் பெறலாம். பழைய கூட்டுக் கணக்கில் கிடப்பதைப் பற்றி இப்போது சண்டை பிடிக்க வேண்டாம். அதில் அத்தானின் பெயரும் இருப்பதால் அவர் எடுத்தாலும் வங்கி தடுக்காது.

வாடகை பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோரிடமிருந்து விலகிய 16, 17 வயதினருக்கு, 18 ஆகவில்லை என்ற காரணத்துக்காக வீடு கொடுக்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அவள் போடும் வாடகை ஒப்பந்தம் பெரியவர் போட்டதைப் போலவே அவளைக் கட்டும். வீட்டுக்காரர் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் வேறு சாட்டுச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கும்வரை அவளை வெளியே வாடகை வீட்டுக்குப் போக விடாதீர்கள் என்பதே என் எண்ணம்.

ரொறன்ரோவில் ஜஸ்டிஸ் ஃபோர் சில்ட்ரன் அண்ட் யூத் என்ற சட்ட நிலையம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. அங்கே பிள்ளையே தொலைபேசி எடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. அவர்கள் அவளுடைய சட்டத்தரணிகளாக இருப்பார்கள், உங்களுடையவர்களாக அல்ல. அதைக் கேட்டு மனம் சுருங்காதீர்கள். அவளுக்கென்று மட்டும் ஒருவர் கதைப்பது அவளுக்கு இப்போது பெரிய பலம்.

நெடுந்தூரம் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டுதரம் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன். 16 வயதில் கதவைத் திறந்து போகலாம் என்றால், பெற்ற எங்களுக்கு இதில் எந்த இடமும் இல்லையா? ஒரு கடிதம்கூட அனுப்பிக் கேட்க மாட்டார்களா?

யன்னல்கரை எழுதியது:

தம்பி, இருக்கிறது. 16 வயதுவரை முழுவதும் உங்கள் கைதான். அதற்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டை விட்டுப் போனால் பொலிஸும் சிறுவர் பாதுகாப்பு நிறுவனமான சில்ட்ரன்ஸ் எய்டும் திருப்பிக் கொண்டுவரலாம். 16க்கு மேலும் அவள் எல்லாவற்றிலும் பெரியவள் ஆகிவிடுவதில்லை. திருமணம் செய்ய 18 ஆகும்வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். வாக்குப் போட முடியாது. 18 வயதுவரை, அல்லது உயர்நிலைப் பள்ளி முடியும்வரை, பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும். அரசாங்கம் உங்களைக் கேட்காமல் ஒதுக்குவதும் இல்லை: பிள்ளை உதவிப்பணம் கேட்டுப் போனால், பெரும்பாலும் முதலில் வீட்டோடு கதைத்துச் சமாதானம் செய்ய வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆனால் நீங்கள் கேட்கும் இடத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் "சாப்பிட்டாயா" என்று ஒரு வரி அனுப்பினால், பதில் வராவிட்டாலும் அடுத்த நாளும் அனுப்பினால், அதில்தான் தகப்பனுக்கு இடம் இருக்கிறது. அனுப்பிய தகப்பன்மாரையும் பார்த்திருக்கிறேன், அனுப்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சென்-லோரன்ட் எழுதியது:

மொன்றியலில் இருந்து எழுதுகிறேன். வாசிப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்று: யன்னல்கரை அக்கா சொன்னது ஒன்ராறியோவுக்கு மட்டும். கியூபெக்கில் குடியியல் சட்டக் கோவையிலேயே விடுவிப்பு என்று ஒன்று இருக்கிறது, இரண்டு வகையாக. 16 வயது நிறைந்த பிள்ளைக்குப் பாதுகாவலரின் சம்மதத்தோடு கிடைப்பது எளிய விடுவிப்பு. அதில் தனியாக வசிக்கலாம், ஆனால் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு இன்னும் துணை வேண்டும். முழு விடுவிப்பை நீதிமன்றம் கொடுக்கலாம், அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். இங்கே இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாம் என்று யாராவது நினைத்தால், எல்லை தாண்டியதும் விதிகள் மாறும் என்பதை மனதில் வையுங்கள்.

பனிப்பூ எழுதியது:

வேப்பம்பூ அக்கா, நான் 17 வயதில் வீட்டை விட்டு வந்தவள். இப்போது எனக்குச் சொந்தமாகக் குடும்பம் இருக்கிறது. ஏன் வந்தேன் என்று இங்கே எழுத விரும்பவில்லை. வந்த பிறகு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

நான் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் உதவிப்பணம் எடுத்தேன். 18க்குக் கீழே என்றால் காசு நேராக உங்கள் கைக்கு வராது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் பெயரில் வந்து, அவர் உங்களுக்குக் கொடுப்பார். எனக்கு அப்படி நின்றவர் என் நண்பியின் அம்மா. ஒவ்வொரு மாதமும் அவர் வீட்டுச் சமையலறையில் கடிதவுறையை வாங்கும்போது எனக்கு முகம் சிவக்கும். அவரோ அதைக் கொடுத்த கையோடு ஒரு பெட்டி சோறும் கறியும் தந்துவிடுவார். முழுநேரமாகப் பள்ளிக்கூடம் போவது அந்தக் காசுக்கு நிபந்தனை. வரவுப் பதிவேட்டில் குறைந்தால் கேள்வி வரும். தனியாள் ஒருவருக்கு மாதம் 733 டொலர் என்பதுதான் இன்றைக்கும் உச்சம், 2018இலிருந்து அது மாறவில்லை. அந்தக் காசில் ஸ்காபரோவில் அறை எடுத்தால் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். நான் இருந்தது நிலவறையில், ஜன்னல் என்று ஒன்று இருந்தது, அதன் முக்கால்வாசியைப் பனி மூடியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய நிம்மதி கிடைத்தது. விலகிய 16, 17 வயது மாணவர் தன் லீவுக் கடிதத்தில் தானே கையெழுத்து வைக்கலாம், பாடத் தெரிவையும் தானே செய்யலாம். அலுவலகத்தில் முன்னால் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் நேரம் கேட்டு உள்ளே போய்க் கதையுங்கள். எனக்கு எல்லாம் செய்து தந்தவர் அவர்தான்.

அவரைப் பற்றி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போக ஓசாப் என்ற மாகாண மாணவர் கடனுக்கு விண்ணப்பித்தபோது, நான் பெற்றோரோடு இல்லை என்பதை அவர்கள் ஏற்கவே இல்லை. உயர்நிலைப் பள்ளி முடிந்து பல ஆண்டுகள் போகும்வரை, இப்போதைய விதியில் 6 ஆண்டுகள், ஓசாப் கணக்கில் நீங்கள் பெற்றோரில் தங்கியிருப்பவர்தான். அப்பாவின் வருமானத்தைப் போடு என்று படிவம் கேட்கும். அப்பாவோடு கதைத்தே வருடங்கள் ஆகியிருக்கும். குடும்ப உறவு முறிந்துவிட்டது என்று மீளாய்வு கேட்கலாம், ஆனால் அதற்கு வெளியாள் ஒருவரின் கடிதம் வேண்டும்: நடந்ததை அந்த நேரத்திலேயே அறிந்த ஆசிரியர், சமூகப் பணியாளர், மருத்துவர் போன்றவர். என் வழிகாட்டி ஆசிரியர் அன்றன்றைக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன். ஆகவே உங்கள் பெறாமகள் 11ஆம் வகுப்பிலேயே ஒருவரிடம் எல்லாவற்றையும் திகதியோடு சொல்லி வைக்கட்டும். கழற்றிய கதவையும் சேர்த்து.

அவள் அழாமல் திடமாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள் அக்கா. இரவில் தனியாக யாரோடாவது கதைக்க வேண்டும்போல் இருந்தால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இருக்கிறது, 1-800-668-6868. 686868க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். நானும் அங்கே தொலைபேசி அடித்திருக்கிறேன்.

வேப்பம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கலிபோர்னியாப் படிவத்தைத் தானே கிழித்துப் போட்டாள். பிறகு நெடுந்தூரம் அண்ணா எழுதியதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்பாவுக்கும் நெஞ்சு எரிந்திருக்குமா என்று கேட்டாள். எரிந்திருக்கும் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

சட்ட நிலையத்துக்கு அவளே தொலைபேசி எடுத்துச் செய்தி விட்டிருக்கிறாள். வியாழக்கிழமை வழிகாட்டி ஆசிரியரைப் பார்க்கிறோம்.

இப்போது காசு விஷயம் ஒன்று. என் கணவரின் நண்பர், "பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள், அரசாங்கம் மாதாமாதம் அனுப்பும் பிள்ளைக் கொடுப்பனவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அவள் பெயரில் ஒன்ராறியோ வேர்க்ஸும் எடுங்கள்" என்கிறார். எங்களுக்கும் வசதி குறைவுதான். ஆனால் அக்காவின் காசை நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் அவள் என்னோடு கதைக்க மாட்டாள்.

யன்னல்கரை எழுதியது:

தங்கச்சி, அந்த நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது, எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பிள்ளை ஒரு படிவத்தில் உங்கள் பராமரிப்பில் இருக்கும் குழந்தையாகவும், இன்னொன்றில் தன்னந்தனியாக வாழ்கிறவளாகவும் இருக்க முடியாது.

பிள்ளைக் கொடுப்பனவு, பிள்ளையோடு சேர்ந்து வசித்து அவளைப் பிரதானமாகப் பராமரிப்பவருக்குத்தான். அவள் உங்கள் வீட்டிலேயே தொடர்ந்து இருந்து, நீங்கள் சோறு போட்டு, பல் வைத்தியரிடம் கூட்டிப்போய், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் போகிறீர்கள் என்றால் நீங்கள் விண்ணப்பிக்கலாம், ஆர்சி66 என்ற படிவம். அக்காவும் பிள்ளை வீட்டில் இல்லை என்பதை வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதனால் இதை மறைத்து வைப்பது அக்காவுக்குச் செய்கிற நன்மை அல்ல.

இது அல்லாமல், ஒன்ராறியோ வேர்க்ஸிலேயே தற்காலிகப் பராமரிப்பு உதவி என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்கச் சட்டக் கடமை இல்லாத உறவினர் ஒருவர் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வைத்துப் பார்க்கும்போது, பிள்ளையின் பேரில் அவருக்குக் கிடைப்பது. உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பிள்ளை தனியாள் என்று பதிவு செய்ய வேண்டிய அவசியமும் இதில் இல்லை. அது நான் முதலில் சொன்ன பராமரிப்புக் கேள்விக்கும் நல்லது. சில்ட்ரன்ஸ் எய்டையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். 2018 தை மாதத்திலிருந்து 16, 17 வயதினரும் அவர்களிடம் போய், விருப்பத்தின் பேரில் உடன்படிக்கை செய்து உதவி பெறலாம். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அவளை எங்கும் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் சனத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கை நடுங்கும், எனக்குத் தெரியும். சட்டத்தரணியிடம் இரண்டையும் வைத்து, எது அவளுக்கு நல்லது என்று கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டில் எதைச் செய்வதென்றாலும், படிவத்தை அனுப்பும் முன் அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். தொலைபேசி எடுக்காவிட்டால் கையால் ஒரு கடிதம் எழுதித் தபால்பெட்டியில் போடுங்கள். பிள்ளை இங்கே இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், இந்தத் திகதியில் இந்தப் படிவத்தை அனுப்பப் போகிறேன், நீயும் அறிவித்துவிடு. அவ்வளவும் போதும். அத்தானைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். கடிதத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சுகாதார அட்டை, கடைசிச் சம்பளத் துண்டு, இவற்றில் கையில் இருப்பதை எல்லாம் கொண்டு போங்கள். இல்லாததைப் பற்றி ஆசிரியரிடமே கேளுங்கள். அவர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கலாமா என்று கேட்டால், முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள்.